திருக்கோவிலூரில் கிடைக்காத குமாஸ்தா வேலை

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் எங்கள் வடக்கனந்தலில் பதினைந்து நாளைக்கு வேறு பேச்சு இருக்காது. கோமுகி அணையில் தண்ணீர் எத்தனை அடி, மரவள்ளிக் கிழங்குக்கு என்ன விலை என்பதெல்லாம் பின்னுக்குப் போய்விடும். டீக்கடையில் உட்கார்ந்தால் முதல் கேள்வி, "பிள்ளையை எதில் சேர்க்கப் போறீங்க?" என்பதுதான். நர்சிங், பி.காம்., கம்ப்யூட்டர் என்று பதில் வந்தால் எல்லோரும் தலையாட்டுவார்கள். தமிழ், சரித்திரம், கணிதம் என்று வந்தால் ஒரு நிமிஷம் மௌனம். பிறகு யாராவது ஒருவர், "அதைப் படிச்சுட்டு என்ன பண்றது?" என்பார். பிள்ளையோ, "எனக்கு அதுதான் பிடிக்குது" என்று நிற்கும்.

சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயர் ஆனவன் என்பதால் என்னிடமும் சிலர் யோசனை கேட்க வருகிறார்கள். நான் கவனித்தது ஒன்று உண்டு. "பிடித்ததைப் படிக்கட்டும்" என்பவர்களும் ராமானுஜனைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். "பிழைப்புக்கு உதவுவதைப் படிக்கட்டும்" என்பவர்களும் அவரையேதான் கூப்பிடுகிறார்கள். முதல் கட்சி அவர் கேம்பிரிட்ஜ் போனதைச் சொல்கிறது. இரண்டாவது கட்சி அவர் எஃப்.ஏ. பரீட்சையில் தவறியதையும் பட்ட கஷ்டத்தையும் சொல்கிறது. நடுவில் ஒரு அத்தியாயம் இருக்கிறது. அது நடந்தது நம்முடைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் திருக்கோவிலூரில். அதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

இங்கிருந்து கள்ளக்குறிச்சி போய், தியாகதுருகம் வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்தால் திருக்கோவிலூர். தென்பெண்ணை ஆற்றங்கரை, உலகளந்த பெருமாள் கோயில் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். 1910-ல் அது தென்னாற்காடு ஜில்லாவைச் சேர்ந்த சிறிய ஊர். அங்கே ஒரு டெபுடி கலெக்டர் இருந்தார். பெயர் வி.ராமசாமி ஐயர். அந்த வருஷம் கும்பகோணத்திலிருந்து இருபத்து இரண்டு வயசு வாலிபர் ஒருவர் கையில் நோட்டுப் புத்தகங்களுடன் அவரைத் தேடி வந்தார். கேட்டது ஒன்றே ஒன்று. அவருடைய அதிகாரத்துக்கு உட்பட்ட ஏதாவது ஒரு முனிசிபல் ஆபீசிலோ தாலுகா ஆபீசிலோ ஒரு குமாஸ்தா வேலை. வந்தவர்தான் ராமானுஜன்.

அந்த நிலைக்கு அவர் எப்படி வந்தார் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்தவர், வளர்ந்தது கும்பகோணத்தில். தகப்பனார் சீனிவாச ஐயங்கார் ஒரு புடவைக் கடையில் கணக்கு எழுதியவர். தாயார் கோமளத்தம்மாள் வீட்டில் மாணவர்களைத் தங்கவைத்து அந்த வருமானத்தையும் சேர்த்துக் குடும்பத்தை நடத்தியவர். டவுன் ஹைஸ்கூலில் படித்த காலத்தில், 1903 வாக்கில், கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த ஒரு கணித நூல் அவர் கைக்கு வந்தது. சுமார் ஐயாயிரம் சூத்திரங்கள் வரிசையாக அடுக்கி, பெரும்பாலும் நிரூபணம் இல்லாமல் இருக்கும் புத்தகம் அது. பரீட்சைக்குப் படிக்கிறவன் அதை மூடி வைத்துவிடுவான். இவர் ஒவ்வொன்றையும் தானே நிரூபித்துப் பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

1904-ல் மெட்ரிகுலேஷன் முடித்து, உபகாரச் சம்பளத்துடன் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் எஃப்.ஏ. சேர்ந்தார். எஃப்.ஏ. என்பது அன்றைக்கு இரண்டு வருஷப் படிப்பு. பி.ஏ.வுக்குப் போகவும், உத்தியோகச் சந்தையில் நிற்கவும் அதுதான் வாசல். கணிதம் மட்டும் போதாது. ஆங்கிலம், சம்ஸ்கிருதம், கிரேக்க ரோம சரித்திரம், உடலியல் எல்லாவற்றிலும் தேறியாக வேண்டும். ராமானுஜன் மற்ற வகுப்புகளிலும் கணக்கே போட்டுக்கொண்டிருந்தார். உபகாரச் சம்பளம் போயிற்று. 1905-ல் வீட்டுக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினம் பக்கம் போய்விட்டார். 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் மறுபடி சேர்ந்தார். 1907 டிசம்பரில் கடைசியாக எழுதியபோதும் எஃப்.ஏ. தேறவில்லை. அத்துடன் கல்லூரிக் கதவு மூடிவிட்டது.

"பிடித்ததைப் படிக்கட்டும்" என்பவர்கள் அடுத்த மூன்று வருஷங்களை வேகமாகத் தாண்டிப் போய்விடுவார்கள். தாண்டக் கூடாது. அந்த மூன்று வருஷமும் அவருக்கு நிலையான வருமானம் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து சிலேட்டில் கணக்குப் போட்டார்; வந்த முடிவுகளை நோட்டில் எழுதிக்கொண்டார். பெற்றவர்கள் சோறு போட்டார்கள், நண்பர்கள் கைகொடுத்தார்கள். 1909 ஜூலையில் ஜானகி அம்மாளுடன் கல்யாணமும் நடந்தது. அதற்குப் பிறகு சும்மா இருக்க முடியுமா? வேலை தேடிப் புறப்பட்டார். அப்படிப் போனதில்தான் திருக்கோவிலூர் வந்தார்.

ஏன் திருக்கோவிலூர்? அங்கே இருந்த டெபுடி கலெக்டர் சாதாரண டெபுடி கலெக்டர் இல்லை என்பதால்தான். 1871-ல் பிறந்த ராமசாமி ஐயருக்கு உத்தியோகம் ரெவின்யூவில், மனசு கணிதத்தில். நண்பர்கள் அவரை 'புரொபசர்' என்றே அழைப்பார்களாம். இந்தியாவில் அப்போது கணித ஆர்வம் உள்ளவர்கள் ஆளுக்கொரு மூலையில் கிடந்தார்கள். வெளிநாட்டுக் கணித இதழ்களைத் தனி ஆளாகச் சந்தா கட்டி வாங்க யாருக்கும் கட்டுப்படியாகாது. எனவே 1907-ல் அவர் இருபது பேரைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கினார். எல்லோரும் சந்தா போடுவது, இதழ்களையும் புத்தகங்களையும் வாங்குவது, அவற்றைத் தபாலில் ஒருவர் மாற்றி ஒருவருக்கு அனுப்பிப் படிப்பது. இதுதான் திட்டம். புத்தகங்கள் பூனா ஃபெர்குசன் கல்லூரியில் வைக்கப்பட்டன. இன்று இந்தியக் கணிதக் கழகம் என்று நூறு வருஷத்துக்கு மேலாக நடந்துவரும் சங்கம் அதுதான். அதை ஆரம்பித்தவர் கல்லூரிப் பேராசிரியர் அல்ல, ஜமாபந்தியும் கேம்ப்பும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ரெவின்யூ அதிகாரி.

அந்த மனிதர் ராமானுஜனின் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். பார்த்ததும் வேலை கொடுக்க மறுத்துவிட்டார். ரெவின்யூ இலாகாவின் கடைசிப் படியில் இவரை உட்காரவைத்து இந்த மேதையை நசுக்கிவிட எனக்கு மனமில்லை என்ற பொருளில் பிற்பாடு அவரே இதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்.

இந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நின்றுவிடுகிறேன். வந்தவர் கேட்டது சோற்றுக்கு வழி. அதிகாரியின் ஒரு கையெழுத்தில் நடக்கக்கூடியது. இல்லை என்று சொன்னால் அந்தக் குடும்பம் மறுபடி பட்டினிதானே? கொடுக்காதது நியாயமா?

குமாஸ்தாவாக இருந்தவன் என்ற முறையில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா வேலை என்பது பத்து மணிக்குப் போய் ஐந்து மணிக்கு வருவது இல்லை. பசலி முடியும்போது ஜமாபந்தி வரும். கிராமக் கணக்குகள் எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். சிட்டா, அடங்கல் எல்லாவற்றையும் கூட்டிச் சரிபார்த்தாக வேண்டும். ஒரு அணா இடித்தாலும் மறுபடி முதலிலிருந்து. அதிகாரி கேம்ப் போனால் தபால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போக வேண்டும். மூளை சோர்ந்து வீட்டுக்கு வருகிறவன் ராத்திரி விளக்கில் சூத்திரம் யோசிக்க முடியாது. அதைவிடப் பெரிய விஷயம், ஒரு மொபசல் தாலுகாவில் அவருடைய நோட்டைத் திறந்து பார்க்கவோ, "இது புதுசு, இது முன்பே கண்டுபிடித்தது" என்று பிரித்துச் சொல்லவோ பக்கத்து மேசையில் ஆள் கிடையாது. ராமசாமி ஐயரும் ஒருநாள் மாற்றலாகிப் போய்விடுவார். அந்த ஆபீசின் உள்விவரம் தெரிந்தவர் என்பதால்தான் அவர் மறுத்தார் என்று நினைக்கிறேன்.

மறுத்தவர் வெறுங்கையோடு அனுப்பவில்லை. சென்னையிலிருந்த நண்பர்களுக்கு அறிமுகக் கடிதங்கள் கொடுத்து அனுப்பினார். கும்பகோணத்தில் ராமானுஜனுக்குப் பாடம் சொன்ன பி.வி.சேஷு ஐயர் அப்போது சென்னை மாநிலக் கல்லூரியில் இருந்தார். அவர் வழியாக 1910 டிசம்பரில் நெல்லூர் கலெக்டர் ஆர்.ராமச்சந்திர ராவிடம் போய்ச் சேர்ந்தார். அவரும் உத்தியோகத்தில் இருந்துகொண்டே கணிதம் படித்தவர், ராமசாமி ஐயரின் சங்கத்தில் முக்கியமானவர். முதலில் சந்தேகப்பட்டார். திரும்பத் திரும்பப் பார்த்த பிறகே நம்பினார். ராமானுஜன் அவரிடம் கேட்டதும் பெரிய தொகை அல்ல. கவலையில்லாமல் கணக்குப் போட அவகாசம், சாப்பாட்டுக்கு ஒரு சிறு ஏற்பாடு, அவ்வளவுதான். ராவ் மாதம் 25 ரூபாய் தன் கையிலிருந்து கொடுத்தார். 1911-ல் அந்தச் சங்கத்தின் இதழில் பெர்னோலி எண்களைப் பற்றி ராமானுஜனின் முதல் ஆராய்ச்சிக் கட்டுரை அச்சாயிற்று.

ஆனால் இன்னொருவர் தயவில் உட்கார்ந்து சாப்பிட அவருக்கு மனம் ஒப்பவில்லை. மறுபடி வேலை தேடினார். சென்னை அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீசில் சில வாரம் தற்காலிக வேலை. பிறகு 1912 பிப்ரவரி 9-ந் தேதியிட்டுத் துறைமுக டிரஸ்டுக்கு விண்ணப்பம் போட்டார். மார்ச் 1-ந் தேதி வேலையில் சேர்ந்தார். அக்கவுண்ட்ஸ் பிரிவு, மூன்றாம் வகுப்பு, நான்காம் கிரேடு. சம்பளம் மாதம் 30 ரூபாய்.

ஆக, கடைசியில் அவர் குமாஸ்தாதான் ஆனார். திருக்கோவிலூரில் கிடைக்காத அதே வேலை சென்னையில் கிடைத்தது. அப்படியானால் ராமசாமி ஐயர் மறுத்ததில் என்ன லாபம்?

வேலையின் பெயர் ஒன்றுதான், ஆபீஸ் வேறு. துறைமுக ஆபீசில் அவருக்கு மேலதிகாரியாக இருந்தவர் எஸ்.நாராயண ஐயர். கணிதம் படித்தவர், அதே சங்கத்தின் பொருளாளர். ராத்திரியில் திருவல்லிக்கேணியில் அவர் வீட்டு மாடியில் இரண்டு பேரும் ஆளுக்கொரு சிலேட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவார்களாம். டிரஸ்டின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற என்ஜினீயர். நாராயண ஐயர் சொல்லி அவரும் அக்கறை எடுத்துக்கொண்டார். மாதம் 30 ரூபாய் வந்தது, மாலையும் இரவும் மிச்சம் இருந்தது, எழுதியதைப் படிக்க ஆள் இருந்தது. இந்த மூன்றும் சேர்ந்த பிறகு நடந்ததைப் பாருங்கள். 1913 ஜனவரி 16-ந் தேதி கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு ராமானுஜன் கடிதம் எழுதினார். துறைமுக ஆபீசில் குமாஸ்தா, வருஷத்துக்கு இருபது பவுன் சம்பளம் என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டுதான் அந்தக் கடிதமே தொடங்குகிறது. அந்த ஆண்டு மே மாதம் முதல், பட்டமே இல்லாத அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. 1914 மார்ச் 17-ல் கப்பல் ஏறினார். 1916-ல் கேம்பிரிட்ஜ் அவருடைய ஆராய்ச்சிக்காக பி.ஏ. பட்டம் கொடுத்தது. 1918-ல் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ. 1920 ஏப்ரல் 26-ல், முப்பத்து இரண்டு வயசில், சென்னையில் காலமானார்.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். பக்கலோரியாவுக்குப் பதினைந்து, பதினாறு வயசிலேயே பிரிவு எடுக்க வேண்டும். 'செரி ஆ' என்றால் இலக்கியமும் தத்துவமும். 'செரி சே' என்றால் கணிதம். அங்கேயும் வீட்டுக்கு வீடு இதே தகராறுதான். ஆனால் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. கணிதப் பிரிவு எடுத்தவனும் கடைசி வருஷம் தத்துவம் படித்தே தீர வேண்டும். ஒரு கதவைத் திறப்பதற்காக மற்றதை இழுத்துப் பூட்டவில்லை.

பிரெஞ்சுச் சரித்திரத்தில் இதற்குச் சரியான ஜோடி ஒன்று உண்டு. எவரிஸ்த் கலுவா என்ற இளைஞர் கணிதத்தைத் தவிர வேறு எதிலும் மனம் செல்லாதவர். பாரிஸில் எக்கோல் பொலிதெக்னிக் நுழைவுத் தேர்வில் 1828-லும் 1829-லும் இரண்டு தரம் தோற்றார். 1832-ல் இருபது வயசில் ஒரு சண்டையில் குண்டடிபட்டு இறந்தார். அவர் எழுதி வைத்ததன் அருமை பிற்பாடுதான் தெரிந்தது. இன்னொருவர் பியேர் தெ ஃபெர்மா. ஆங்கிலத்தில் படித்தவர்கள் 'ஃபெர்மாட்' என்பார்கள். அவர் படித்தது சட்டம். 1631 முதல் துலூஸ் நகர நீதிமன்றத்தில் உத்தியோகம், 1665-ல் சாகும்வரை அதுதான் பிழைப்பு. கணிதம் கோர்ட்டு வேலை போக மிச்ச நேரத்தில். ஆனாலும் எண் கணிதத்தில் அவர் போட்ட ஒரு புதிரை விடுவிக்க உலகத்துக்கு முந்நூற்றைம்பது வருஷம் பிடித்தது.

கலுவா பக்கம் ராமானுஜன் என்றால், ஃபெர்மா பக்கம் திருக்கோவிலூர் டெபுடி கலெக்டர். கண்டுபிடிப்பில் ராமசாமி ஐயர் ஃபெர்மா இல்லை. ஆனால் வாழ்ந்த முறை அதுதான்.

நம்மூர் உதாரணம் இன்னொன்றும் உண்டு. சி.வி.ராமன் 1907-ல், பதினெட்டு வயசில், மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. முடித்து, நிதி இலாகா பரீட்சையில் முதலாவதாகத் தேறினார். அன்றைக்கு இந்தியாவில் பௌதிகம் படித்தவனுக்கு ஆராய்ச்சி உத்தியோகம் என்று ஒன்று அநேகமாக இல்லை. கல்கத்தா அக்கவுண்ட்ஸ் ஆபீசில் அதிகாரியாகச் சேர்ந்தார். பௌபஜார் தெருவில், மகேந்திரலால் சர்க்கார் என்ற டாக்டர் 1876-ல் நிறுவிய விஞ்ஞானச் சங்கம் இருந்தது. கருவிகள் இருந்தன, வேலை செய்ய ஆளில்லை. ராமன் ஆபீசுக்கு முன்னும் பின்னும் அங்கே போய் ஆராய்ச்சி செய்தார். நடுவில் ரங்கூனுக்கும் நாக்பூருக்கும் டிரான்ஸ்பர். திரும்பி வந்து மறுபடி அதே சங்கம். பத்து வருஷம் இப்படி. 1917-ல் கல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி வந்தபோது, சம்பளம் ஏறக்குறையப் பாதியாகக் குறையும் என்று தெரிந்தும் உத்தியோகத்தை விட்டார். 1928 பிப்ரவரி 28-ல் ராமன் விளைவைக் கண்டுபிடித்ததும் அந்தச் சங்கத்து ஆய்வுக்கூடத்தில்தான். 1930-ல் நோபல் பரிசு.

இத்தனையையும் சேர்த்துப் பார்க்கும்போது, "பிழைப்புக்கா, பிடித்ததற்கா?" என்ற கேள்வியையே நாம் தவறான இடத்தில் கேட்கிறோமோ என்று தோன்றுகிறது. கல்லூரி விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் டிக் போட்டோம் என்பது மூன்று வருஷத்து விஷயம். அதற்குப் பிறகு நாற்பது வருஷம் இருக்கிறது. ராமானுஜனுக்கும் ராமனுக்கும் ராமசாமி ஐயருக்கும் பொதுவாக இருந்தது பாடப் பிரிவு அல்ல. சோற்றுக்கு ஒரு நிச்சயம், வேலை போக மிச்சமான சில மணி நேரம், செய்ததைப் பார்த்துச் சொல்ல நாலு பேர். ராமானுஜன் வாழ்க்கையில் இவற்றில் ஒன்று குறைந்த காலமெல்லாம் கஷ்டகாலமாகத்தான் இருந்தது.

எனவே என்னிடம் வருகிறவர்களுக்கு நான் பாடத்தின் பெயரைச் சொல்வதில்லை. பிடித்த படிப்பில் சேர ஆசைப்படும் பிள்ளையிடம், "படிப்பு முடிந்து வேலை கிடைக்கும்வரை யார் சோறு போடுவார்கள், எத்தனை வருஷம்?" என்று கேட்கச் சொல்கிறேன். அந்தக் கணக்கை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேச வேண்டும். கோமளத்தம்மாள் மாதிரி ஒரு தாய் தலையில் மட்டும் போட்டுவிடக் கூடாது. நமது ஊரில் முதல் முறையாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கும், கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கும் இந்தக் கேள்விதான் முதல் கேள்வி. அதற்காகப் பிழைப்புப் படிப்பை எடுத்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிழைப்புப் படிப்பை எடுக்கும் பிள்ளையிடமும் பெற்றவர்கள் ஒன்று கேட்க வேண்டும். "உனக்குப் பிடித்ததை எந்த நேரத்தில், யாரோடு சேர்ந்து செய்யப் போகிறாய்?" இதைக் கேட்காமல் விட்டதால், முதல் இன்கிரிமென்ட் வருவதற்குள் புத்தகத்தை மூடிவிட்டவர்கள் என் ஆபீசிலேயே எத்தனையோ பேர். பி.காம். படிக்கிற பெண் கல்வெட்டும் படிக்கலாம். நர்சிங் படிக்கிறவள் சங்க இலக்கியமும் படிக்கலாம். ஆனால் அதற்கு ஒரு நூலகமோ, வாரம் ஒருமுறை கூடும் சிநேகிதர்களோ, தெரிந்த ஓர் ஆசிரியரோ இருக்க வேண்டும். தனியாக இருந்தால் தீபாவளிக்குத் தீபாவளி தள்ளிப்போடத்தான் தோன்றும்.

ராமானுஜன் போல ஒருவர் நூறு வருஷத்துக்கு ஒரு தரம்தான் பிறப்பார். அவரை அளவுகோலாக வைத்து நம் வீட்டுப் பிள்ளைகளை அளக்க வேண்டாம். ராமசாமி ஐயரைப் போல் வாழ்வது நம் எட்டுக்குள் இருக்கிறது. அவர் 1936-ல் காலமானார். பகலெல்லாம் நிலவரிக் கோப்பு பார்த்துவிட்டு, கணித இதழைக் காகிதத்தில் சுற்றி, விலாசம் எழுதி, அடுத்த நண்பருக்குத் தபாலில் சேர்ப்பித்த கூட்டம் அது. அப்படி ஒரு கூட்டம் இருந்ததால்தான் எஃப்.ஏ. தேறாத ஒரு பையனின் நோட்டு திருக்கோவிலூரிலிருந்து நெல்லூருக்கும், நெல்லூரிலிருந்து சென்னைக்கும், கடைசியில் கேம்பிரிட்ஜுக்கும் கைமாறிப் போய்ச் சேர்ந்தது.